மான்வால் வேலையும் மேல்வீட்டு அன்ரியும்

மான்வாலுக்குச் சாயம் போடுவதுதான் என் வேலை என்று சொன்னால் பாதிப்பேர் நம்பமாட்டார்கள், நம்பியவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. தூண்டிலில் போலி இரை கட்ட அந்த மயிர்தான் வேண்டுமாம். வேலைத்தல மணத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேச்சு வாங்குகிற அனைவருக்கும் இதைச் சொல்கிறேன்.

மணம்

வேட்டைக்காரர் கொண்டுவரும் வாலில் எலும்பை எடுத்து, கொழுப்பைச் சுரண்டி, உப்புப் போட்டுக் காயவைக்க வேண்டும். எத்தனை தரம் குளித்தாலும் மணம் போகாது. நான் இருந்தது அஜின்கோர்ட் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மன்ற், நிலத்துக்குக் கீழே உள்ள அறை. மேலே வீட்டுக்கார அன்ரி, சுத்த சைவம்; மச்சம், அதாவது மீன் இறைச்சி, சமைக்கக் கூடாது என்று சொல்லித்தான் அறை தந்தவர். அடுத்த மாதம் என் மனுசி கொழும்பிலிருந்து வர இருந்தாள். அந்த நேரம் பார்த்து அன்ரி, மாத முடிவுக்குள் மணம் போகவேண்டும், இல்லாவிட்டால் நான் போகவேண்டும் என்றுவிட்டார். சமைப்பதுகூட மரக்கறிதானே என்று கெஞ்சினேன்.

"தம்பி, மச்சம் சமைக்கக் கூடாதெண்டுதானே சொன்னனான். நீர் மச்சமாவே வந்து நிக்கிறீர்."

கொதி

சாயத்தண்ணீர் சுடவேண்டும், கொதிக்கக் கூடாது. வீட்டுக் கவலையில் நான் அடுப்பைக் கூட்டிவிட்டு நின்றேன். தோலெல்லாம் சுருண்டு அப்பளம் மாதிரி வந்தது. மீன்பிடிப் பைத்தியமான என் முதலாளி ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"சூப் நன்றாக இருக்கும். வால் எங்கே?"

மஞ்சள்

ஒருநாள் மஞ்சள் சாயம் முடிந்துவிட்டது, வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார். எனக்கோ மூளை வேலை செய்தது. தமிழ்க்கடை மஞ்சள்தூளையும் வினாகிரியையும் கலந்து வாலை முக்கி எடுத்தேன். தங்கம் மாதிரி மின்னியது. அடுத்த கிழமை மனிதர் திரும்பி வந்தார்.

"மஞ்சள் ஏரிக்குப் போய்விட்டது. மீனும் ஏரியிலேயே இருக்கிறது."

பட்டு

மாத முடிவு நெருங்கியது. அறை தேடி அலைந்தும் ஒன்றும் சரிவரவில்லை. ஒரு மாலை அன்ரி தன் கல்யாணக் கூறைச்சேலையை விரித்துவைத்துக்கொண்டு வாடிப்போய் இருந்தார். நிறம் வெளுத்துத் திட்டுத்திட்டாகிவிட்டதாம். மயிரில் பிடிக்கும் சாயம் பட்டிலும் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். தயங்கித் தயங்கிச் சொன்னேன். மான் தொட்ட சட்டி ஆகாது என்று அன்ரி புதுப் பானையே வாங்கிவந்தார். இந்தமுறை அடுப்பை விட்டு அசையவில்லை, தண்ணீரைக் கொதிக்கவும் விடவில்லை. சேலை நல்ல அரக்குச் சிவப்பில் வந்தது.

அதை உடுத்துக்கொண்டு அன்ரி றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனார். திரும்பும்போது கையில் சாயம் போட வேறு ஆட்கள் கொடுத்த மூன்று சேலைகள். நான் அறையைப் பற்றிக் கேட்டேன்.

"மனுசியைக் கூப்பிடும் தம்பி, இஞ்சையே இருங்கோ. ஆனா கோயிலிலை ஆரும் கேட்டால் பட்டுக் கொம்பனியிலை வேலையெண்டு சொல்லும்."

அன்றுமுதல் ஊருக்கெல்லாம் நான் பட்டுக் கொம்பனிக்காரன்தான், விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் மூக்கைப் பொத்திய என் மனுசி ஒருத்தியைத் தவிர.