திகனயில் ஓடிப் பார்த்த நீல பைக்கும் என் அரைகுறை இஸ்திகாராவும்

அல்ஹம்துலில்லாஹ். எலும்பு ஒன்றும் முறியாமல், மனைவி ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இதை எழுத வைத்தவனுக்கே எல்லாப் புகழும்.

கடும் நோயிலிருந்து எழும்பியவர்கள், வெள்ளத்தில் பிழைத்தவர்கள் எல்லாம் அனுபவம் எழுதுகிற இந்தப் பகுதியில், ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே இவன் என்று நினைப்பீர்கள். நினையுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த மூன்று கிழமையில், அந்த இருபத்தொரு நாளில், நான் பட்ட குழப்பம் யாருக்கும் வரக்கூடாது.

நான் அலவத்துகொடைக்காரன். கண்டி டவுனில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிற வேலை. வயது முப்பத்து மூன்று. என் மனைவி ரிஃப்கா கட்டுகஸ்தோட்டையில் ஒரு நேர்சரியில் படிப்பிக்கிறாள். இரண்டு பேரும் ஒரே ரோட்டில்தான் போகவேண்டும், ஆனாலும் காலையில் ஒரே பஸ்ஸில் ஏறக் கிடைப்பதில்லை. நான் ஃபுட்போர்டில் தொங்குவேன், அவள் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். ஆகவே ஒரு பைக் எடுத்து அவளையும் ஏற்றிக்கொண்டு போவது என்று பேசினோம். மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டி லைசன் எடுத்திருந்தேன். ரோட்டில் தனியாக ஓடியது ஒரு நாளும் இல்லை.

போன வருடம், நோன்புப் பெருநாள் வருகிற ஷவ்வால் மாதம், திகனயிலிருந்து ஃபாஸில் என்பவர் கண்ணாடி மாற்ற வந்தார். கடை வாசலில் நிறுத்தியிருந்தார், ஒரு நீல ரேஸ் பைக். அவர் கத்தாருக்குப் போவதால் விற்கப் போகிறாராம். அன்றைக்கு அவருடைய கண்ணை அளந்ததை விட அந்தப் பைக்கை நான் அளந்ததுதான் கூட.

அதற்குப் பிறகு எனக்கு வேறு பைக் ஒன்றும் கண்ணில் படவில்லை.

எங்கள் கடையில் என்னோடு வேலை செய்பவர் செல்வம். பன்னிரண்டு வருடமாகச் சின்ன பைக் ஒன்றில் மலையும் பள்ளமும் ஏறி இறங்குகிறவர். என்னை நானா, அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்; ஃபோனில் பிடித்திருந்த பைக் படத்தை அவரிடம் காட்டினேன்.

"நானா, இது உக்காந்து ஓட்டுற பைக் இல்லை. படுத்துக்கிட்டு ஓட்டுறது" என்றார். "கட்டுகஸ்தோட்ட பாலத்துல அரை மணித்தியாலம் படுத்துக்கிட்டா இருப்பீங்க?"

"எத்தன பேர் ஓடுறாங்க செல்வம்."

"ஓட்டுறாங்க. அவங்க சின்ன பைக்குல விழுந்து எந்திரிச்சு வந்தவங்க. நீங்க நேரா இதுலயே விழப்போறேங்கிறீங்க. தூக்க வாறவனுக்கும் முதுகு இருக்கு நானா."

வீட்டில் ரிஃப்காவிடம் காட்டினேன். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"எனக்கு எங்க சீட்டு?"

"பின்னுக்கு. அந்தா."

"அது பூனைக்குச் செஞ்ச சீட்டு. நான் ஏற மாட்டன். நீங்க தனியப் போறதுண்டா அத செல்லிட்டே எடுங்க."

என் தாத்தா, அதாவது மூத்த சகோதரி, அவள் மட்டும் என் பக்கம். "புடிச்சத எடு தம்பி. இப்ப எடுக்காம மய்யித்துக் கட்டில்ல ஏறின பொறகா எடுக்கப் போற?" என்றாள்.

எனக்கு மனிதர்கள் சொல்கிற பேச்சில் ஒரு மயக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் அதன் அழகில் விழுந்துவிடுவேன். செல்வம் சொன்னதும் சரியாகப் பட்டது, ரிஃப்கா சொன்னதும் சரியாகப் பட்டது, தாத்தா சொன்னது எல்லாவற்றையும் விடச் சரியாகப் பட்டது. கடைசியில் இஸ்திகாரா தொழுவது என்று முடிவெடுத்தேன். ஒரு காரியத்தில் எது நல்லது என்று தெரியாதபோது இரண்டு ரகஅத் தொழுது, அந்தத் தீர்மானத்தை அல்லாஹ்விடமே ஒப்படைத்து துஆ கேட்கிற தொழுகை அது.

அங்கேதான் என் பிழை தொடங்குகிறது. எங்கள் பக்கத்தில் பலபேர் செய்கிற பிழை. இஸ்திகாரா தொழுதால் கனவு வரும், கனவில் பச்சையோ வெள்ளையோ தெரிந்தால் நல்லது, சிவப்போ கறுப்போ தெரிந்தால் விடவேண்டும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. மார்க்கத்தில் அப்படி நிபந்தனை இல்லை என்று பள்ளிவாசல் பயானில் பல தடவை கேட்டிருக்கிறேன். கேட்டும் என்ன? தொழுதேன், கனவுக்குக் காத்திருந்தேன்.

முதல் நாள் வந்த கனவில் ஒரு மாட்டுக்குக் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தேன். அது ஃபிரேம் இறுக்கமாக இருக்கிறது என்றது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நாலாம் நாள் பச்சைப் பசேல் என்று ஒரு வயல் வந்தது. நடுவில் நீல பைக். ஆனால் சக்கரம் இரண்டும் இல்லை.

"பச்சை வந்திட்டே. ஹைர்தான், நல்லதுதான்" என்றாள் தாத்தா.

"சக்கரம் இல்லாத பைக்கு எப்பிடி ஹைராகும்?" என்று ரிஃப்கா கேட்டாள். "நீங்க தொழுறது அல்லாஹ்க்கிட்ட கேக்கவா, எங்க ரெண்டு பேரையும் மூட்டி விடவா?"

கோபம் வந்தது. அவளுக்கு என் சந்தோஷம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். கலியாணம் முடித்து ஆறு வருடத்தில் அப்படி ஒரு சொல் நான் சொன்னதில்லை. அவள் எழும்பி உள்ளே போனாள். அடுத்த நாள் எனக்குச் சொல்லாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஃபாஸில் கோல் எடுத்தார், மாத்தளையிலிருந்து இன்னொருவர் பார்க்க வருகிறாராம். கைவிட்டுப் போகிறதே என்ற நினைப்பிலேயே இருந்தேன். கடையில் ஒரு அம்மாவின் இடது லென்ஸை வலதிலும் வலதை இடதிலும் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் படியில் கால் தடுக்கி, நல்லவேளை, சுவரைப் பிடித்துக்கொண்டார். செல்வம் ஓடிப்போய்க் கூட்டிவந்தார். தொழுகையில் நின்றாலும் பைக். ஸுஜூதில் தலை வைத்தாலும் பைக். அல்லாஹ் எனக்கு மட்டும் பதில் சொல்லவில்லையோ என்று அழுகை வந்தது. வாழ்க்கையில் எத்தனையோ கஷ்டம் பட்டிருக்கிறேன், எனக்கே நான் விளங்காமல் போனது அப்போதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பஸ்ஸில் தொங்கிக்கொண்டே ஃபோனில் அந்த துஆவின் தமிழ்க் கருத்தைத் தேடி வாசித்தேன். இத்தனை நாளும் அரபியில் பார்த்து ஓதினேன், கருத்தை ஒரு நாளும் நிறுத்தி வாசித்ததில்லை. இது எனக்கு நல்லது என்றால் லேசாக்கித் தா என்று ஒரு பாதி. அது எனக்குத் தெரியும். இது கெட்டது என்றால் இதை என்னை விட்டுத் திருப்பு, என்னையும் இதை விட்டுத் திருப்பு, நல்லது எங்கே இருக்கிறதோ அதைத் தந்து என் மனதை அதில் திருப்திப்படுத்து என்று மறு பாதி.

என்னையும் இதை விட்டுத் திருப்பு. இந்த இடத்தில் எனக்கு வேர்த்துவிட்டது. ஏனென்றால் அதை நான் கேட்கவே இல்லை. வாய் சொன்னது, நான் கேட்கவில்லை. அல்லாஹ்விடம் தீர்மானத்தைக் கொடுக்கிறேன் என்று சொல்லி, நான் எடுத்த தீர்மானத்துக்குக் கையெழுத்து வாங்கத்தான் போயிருக்கிறேன்.

ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் ஒரு தூண் பக்கம் நின்று திரும்பவும் இரண்டு ரகஅத் தொழுதேன். அந்த மறு பாதியைத் தமிழில் கேட்டேன். கேட்கும்போது பயமாக இருந்தது, உண்மையிலேயே தந்துவிடுவானோ என்று. அப்படி ஒரு பயம் வந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

அன்று பின்னேரம் லீவு போட்டு, செல்வத்தையும் கூட்டிக்கொண்டு திகனக்குப் போனேன். ஓடிப் பார்த்து, சரி என்றால் முடித்துவிடுவது என்று நினைப்பு.

ஃபாஸிலின் வீடு மேட்டுப் பாதை ஒன்றில் இருந்தது. ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் தாழ்வாக வீடுகள். "மெதுவா போங்க நானா, கிளச்ச ஒரேயடியா விட்டுடாதீங்க" என்று ஃபாஸில் சாவியைத் தந்தார். மேலே போனேன். என்ன சொல்ல, அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் புகுந்தது. பாதை முடிந்த இடத்தில் திருப்பவேண்டும். அங்கேதான் செல்வம் சொன்னது விளங்கியது. சின்ன பைக் மாதிரி ஹேண்டில் திரும்பவில்லை, கொஞ்சம் திரும்பியதும் முட்டி நின்றது. உடம்பின் பாரம் எல்லாம் இரண்டு மணிக்கட்டில். இறக்கம் வேறு. பைக் இடது பக்கம் சாய, பயத்தில் கிளச்சை விட்டு அக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டேன்.

அது பாய்ந்தது. முன்னுக்குப் பாதை இல்லை. கீழே ஒரு முற்றம், அதில் ஒரு பெண் குனிந்து உடுப்புப் பிழிந்துகொண்டிருந்தாள். அவளுடைய தலை உச்சி எனக்குத் தெரிந்தது. யா அல்லாஹ் என்றேனா, இல்லையா, நினைவில்லை.

எஞ்சின் நின்றது. சட்டென்று, யாரோ வாயைப் பொத்தின மாதிரி. பைக்கும் நானும் புல்லில் சரிந்தோம். முன் சக்கரம் விளிம்புக்கு வெளியே, காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "என்ன நானா, தேத்தண்ணிக்கா வாறீங்க?" என்றாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

செல்வம் ஓடிவந்து பார்த்தார். கீழே ஊன்றப்போன என் கால் சைட் ஸ்டாண்டில் மாட்டி, அதை இறக்கிவிட்டிருந்தது. கியரில் இருக்கும்போது ஸ்டாண்ட் இறங்கினால் எஞ்சின் தானாக நிற்கிற மாதிரித்தான் அதைச் செய்திருக்கிறார்களாம்.

"ஒரு சுவிட்ச் நானா. அவ்வளவுதான்" என்றார் செல்வம். ஸ்டாண்டைக் கையால் மடக்கிவிட்டு, "ஆனா உங்க காலை அங்க வச்சது யாருன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

ஃபாஸில் பைக்கைப் பார்க்கவில்லை. என்னைத்தான் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு ஷர்ட் கொலரை இழுத்துத் தோளைக் காட்டினார், நீளமாக ஒரு தையல் தழும்பு.

"எனக்கும் இதுதான் முதல் பைக். ஒரு மாசத்துல விழுந்தன், உள்ளுக்கு எலும்புல தகடு வெச்சு ஈக்கி. இத செல்லாம வித்திட்டுப் போக நெனச்சன் நானா, மன்னிச்சுக்கோங்க. கீறல் பட்டது பரவால்ல. ஒங்களுக்கு நான் இதத் தர மாட்டன்."

பைக் என்னை விட்டுத் திரும்பியது. நான் அதை விட்டுத் திரும்பினேனா? உடனே இல்லை. பஸ்ஸில் வரும்போது கவலையாகத்தான் இருந்தது. இது பதிலா, வெறும் அவமானமா என்றும் குழம்பினேன். வீட்டுக்கு வந்து ரிஃப்காவிடம் எல்லாம் சொன்னேன், உன்னிடம் சொன்ன அந்தச் சொல்லுக்கு என்னை மன்னித்துவிடு என்றும் சொன்னேன். அவள் என் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தண்ணீர் வைத்துத் துடைத்தாள். "சாப்புட்டீங்களா?" என்றாள். மூன்று கிழமையில் நான் கேட்ட முதல் தெளிவான பேச்சு.

மனத் திருப்தி மெல்ல மெல்லத்தான் வந்தது. அதையும் துஆவில்தான் கேட்டு வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து, செல்வம் பார்த்துத் தந்த சாதாரண பைக் ஒன்றை எடுத்தோம். நேராக உட்காரலாம், எந்தச் சந்திலும் திருப்பலாம். முதல் நாள் ரிஃப்கா பின் சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தாள். பிறகு ஏறினாள். பிஸ்மில்லாஹ் என்று அவள் சொன்னது என் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. அவ்வளவு நாளும் எதற்காகப் பைக் கேட்டோம் என்பதே எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

இப்போதும் ஒரு ரேஸ் பைக் முந்திப் போனால் தலை திரும்பும். பொய் சொல்ல மாட்டேன். ஓடுகிறவர் பத்திரமாக வீடு போய்ச் சேரவேண்டும் என்று ஒரு துஆ கேட்டுவிடுவேன்.

எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் நிற்கிற என் சகோதர சகோதரிகளே, கேளுங்கள். கனவு வராவிட்டாலும் கேளுங்கள், குழப்பத்தோடேயே கேளுங்கள். தெளிந்த பிறகுதான் கையேந்தவேண்டும் என்றால் நான் இன்னும் ஏந்தியிருக்க மாட்டேன். கேட்கும்போது மட்டும் அந்த மறு பாதியையும் மனதாரக் கேட்டுவிடுங்கள். பயமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, கேளுங்கள்.