கட்டைவிரலுக்குப் போட்ட வார்

பந்தை உதைக்கப் போய்த் தரையை உதைத்துவிட்டேன். வீக்கம் வடிந்த பிறகும் வலது கால் கட்டைவிரல் வளையவில்லை. ஓடவும் முடியவில்லை. கம்பெனி கால்பந்து அணித் தேர்வுக்கோ பத்தே நாள். வேலூர் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த சிஸ்டர், வெந்நீரில் காலை வைத்து, வலிக்காத அளவுக்கு மட்டும் விரலை வளைக்கச் சொன்னார். எனக்கு அந்தப் பொறுமை ஏது?

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் டிரெய்னி நான். விறைப்பான தோலை ஈரமாக்கி இழுத்துப் பிடித்தால் சொன்னபடி கேட்பதைத் தினமும் பார்ப்பவன். மதிய இடைவேளையில் ஒரு தோல் வாரை நனைத்து, விரலை மேலே இழுத்துக் கணுக்காலோடு சேர்த்துக் கட்டினேன்.

"இன்னாடா, உன் காலையே ஷூவா தைக்கிறியா?" என்றான் பக்கத்து மேஜை சலீம்.

வார் காயக் காய இறுகியது. வலியை மறைத்துக்கொண்டே வேலை பார்த்தேன். மாலைக்குள் விரல் நாவற்பழமாகிவிட்டது. சலீம்தான் வாரை வெட்டியெடுத்து, என்னை வேலூர் பஸ்ஸில் ஏற்றிக் கூடவே வந்தான்.

"இடிச்சுக்கிட்டேன் சிஸ்டர்" என்றேன். அவர் வார் பதிந்த தடத்தையே பார்த்தார்.

"தோல் வேலையா?"

"ஆமா."

"அந்தத் தோலுக்கு வலிக்காது, அதான் இழுத்தா வருது. இதுக்கு வலிச்சா இன்னும் ஜாஸ்தி விறைச்சுக்கும்."

தேர்வில் என் இடம் சலீமுக்குப் போனது. விரல் வளைய மூன்று மாதமானது. அந்த மூன்று மாதத்தில் எனக்குக் கஷ்டமாக இருந்தது வலியல்ல. தினமும் பத்து நிமிடம் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததுதான்.