கார்த்திகைச் சீராக வந்த ட்யூப் லைட்

மாமனாரைத் திட்டுவதற்கு வழி சொல்லும் நீதிநூல் ஒன்றுகூடத் தமிழில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பொறுமை, அடக்கம், சினம் காத்தல் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. எழுதியவர்களில் ஒருவர் வீட்டிலும் மாமனார் வயரிங் செய்யவில்லை போலிருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். தீபத்துக்குப் பெண் வீட்டிலிருந்து சீர் வரும். அந்த வருடம் பொரி, வெல்லம், புடவையோடு ஒரு ட்யூப் லைட்டும் வந்தது. ட்யூபைத் தாங்கும் தகரப் பட்டி, சோக்கு, ஸ்டார்ட்டர் எல்லாம் சேர்த்துத்தான். கீழ்பென்னாத்தூரிலிருந்து கூட்டமான பஸ்ஸில் யார் முழங்கையும் படாமல், கைக்குழந்தையைப் போல மடியில் கிடத்திக் கொண்டுவந்திருந்தார் மாமனார். அதுவரைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதைதான். காப்பியைக் குடித்து டம்ளரை வைத்தவர், "மாப்ள, ஸ்க்ரூ டிரைவர் இருக்குதா வீட்ல?" என்றார்.

"எலக்ட்ரீஷியன் யாரையாவது கூப்பிடலாம் மாமா" என்றேன். சொல்லும்போதே அது வெறும் பேச்சு என்று எனக்குத் தெரியும். தீபம் நெருங்கினால் ஊர் எலக்ட்ரீஷியன்கள் அத்தனை பேரும் கடைகளுக்கும் சத்திரங்களுக்கும் சீரியல் பல்பு கட்டிக்கொண்டு ஏணி மேலேயே குடியிருப்பார்கள்.

"அவன் எதுக்கு? அஞ்சு எச்.பி. மோட்டாரையே கட்டறவன் நானு. இது இன்னா, லைட்டு!"

டயர் செருப்போடு கூடத்துக்குள் வந்தார். கரண்டு வேலை செய்யும்போது செருப்பைக் கழற்றக் கூடாது என்பது பம்ப்செட் அறைச் சட்டம். பம்ப்செட்டுக்கு வாங்கியதில் மிச்சமான கறுப்பு ஒயரையே கொண்டுவந்திருந்தார். அது சுவரில் பாதி உயரம்தான் எட்டியது. ஆகவே ட்யூப் லைட் என் மூக்குக்கு நேராக மாட்டப்பட்டது. உலகத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் விளக்கோடு நான் முகத்துக்கு முகம் பார்த்து நின்றேன். ஆனாலும் எரிந்தது. மாமனார் ஈசிசேரில் சாய்ந்து அதன் வெளிச்சத்தில் என்னையும் சேர்த்துப் பெருமையாகப் பார்த்தார்.

மறுநாள் தீபம். காலையில் என் மனைவி வீட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். ட்யூப் லைட் ஸ்விட்சை அணைத்தாள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, பட்டியின் மேல் ஈரத்துணியை வைத்தாள். அவ்வளவுதான். வாளி உருண்டது, அவள் சுவரோரம் போய் விழுந்தாள். நான் ஓடி வந்தபோது வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாடி ஆச்சி?" என்றார் மாமனார், ஈசிசேரிலிருந்தபடியே.

"ஷாக் அடிச்சிடுச்சி நைனா."

"ஸ்விட்ச ஆஃப் பண்ணியா?"

"பண்ணிட்டுதான் தொட்டேன்."

"ஆஃப் பண்ணா எப்டிடி அடிக்கும்? மாடு தும்முனாலே ஓடற ஆளு நீ. தண்ணில வழுக்கி வுட்டிருக்கும்."

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. ஆனால் கோபத்தை நான் டெஸ்டரிடம் கொடுத்தேன். அணைத்த ஸ்விட்ச் அணைத்தபடியே இருக்க, பட்டியில் டெஸ்டரை வைத்தால் அதன் பிடிக்குள் இருக்கும் குட்டி விளக்கு சிவப்பாக எரிந்தது. மாமனாருக்குக் காட்டினேன்.

"அது எப்பவும் எரியும் மாப்ள."

மெயினை இறக்கிவிட்டு ஸ்விட்சைத் திறந்து பார்த்தேன். நானும் பெரிய நிபுணன் இல்லை. நான் பிரித்து மூட்டிய இஸ்திரிப் பெட்டியில் இரண்டு திருகு மிச்சமாகி, இன்றுவரை மேஜை இழுப்பறையில் கிடக்கின்றன. ஆனால் எனக்கே புரிகிற தப்பு அது. கரண்டு வருகிற கம்பியில் போட வேண்டிய ஸ்விட்சைத் திரும்பிப் போகிற கம்பியில் போட்டிருந்தார். அணைத்தால் விளக்குதான் அணையும், கரண்டு என்னவோ பட்டிக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். மறுபடி மெயினைப் போட்டுவிட்டுப் பணிவாகக் கேட்டேன்.

"எது வர்ற கம்பி, எது போற கம்பின்னு பாத்தீங்களா மாமா?"

"அதுல இன்னா பாக்கறது? மோட்டார்ல எதை வேணா எதுல வேணா குடுக்கலாம். தலகீழா சுத்துச்சின்னா ரெண்டு கம்பிய மாத்திப் போட்டா தீந்துது. லைட்டு இன்னா சுத்தவா போவுது?"

மோட்டாருக்கு அது முழுக்கச் சரி. என் வயிற்றெரிச்சலும் அதுதான். முழுக்கத் தப்பான ஆளோடு மல்லுக்கட்டலாம். பாதி சரியான ஆளை என்ன செய்வது?

அவரே எழுந்து வந்தார், டயர் செருப்போடு, துடைத்த தரையில் தடம் பதித்துக்கொண்டு. பட்டியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். "எங்க? எனக்கு ஒண்ணும் அடிக்கலியே! பயந்தவளுக்குத் துணி காஞ்சாலும் பேய்தான்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்தாள். "செருப்ப கழட்டு நைனா."

"இன்னாத்துக்கு?"

"கழட்டிட்டு, நான் நின்ன எடத்துல நின்னு தொடு. நான் பொய் சொல்றேனா இல்லியான்னு தெரிஞ்சிடும்."

மாப்பிள்ளை எதிரில் எந்த மாமனார் பின்வாங்குவார்? செருப்பைக் கழற்றினார். ஈரத்தரையில் நின்றார். நான் வாசல் கதவோரம், மெயின் பலகைக்குப் பக்கத்தில் இருந்தேன். தொடட்டும் என்று நினைத்தேன். நன்றாகத் தொடட்டும், வாழ்நாளெல்லாம் நினைவிருக்கட்டும் என்றுகூட நினைத்தேன். அவர் கை பட்டியை நெருங்கியபோது என் கை என்னைக் கேட்காமல் மெயினை இறக்கிவிட்டது. 'டக்' என்று சத்தம். வருடக்கணக்கில் ஆயில் இஞ்சின் பக்கத்தில் நின்ற காது அவருக்கு. கேட்கவில்லை.

தொட்டார். தடவினார். தட்டிக்கூடக் கொடுத்தார். "பாத்தியாம்மா?" என்று மகளிடம் திரும்பினார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்குங்க" என்றாள்.

நான் மெயினை மேலே தூக்கினேன்.

"இப்ப தொடு நைனா."

மாமனார் மெயினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காலடியில் இருந்த தண்ணீரைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "கடைக்காரன் மட்டமான சரக்கக் குடுத்துட்டான்" என்று சொல்லி ஈசிசேருக்குப் போய்விட்டார்.

மெயினை மீண்டும் இறக்கி, கம்பிகளைக் கழற்றி, இடம் மாற்றிப் போட்டேன். பட்டியின் விளிம்பில் உரசி ஒயரின் தோல் கிழிந்து, செம்பு தகரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து டேப் சுற்றினேன். மெயினைப் போட்டு, ஸ்விட்சை அணைத்துவிட்டு டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை.

"நான் அப்பவே சொன்னேனே மாப்ள, ரெண்டு கம்பிய மாத்திப் போட்டா தீந்துதுன்னு" என்றது ஈசிசேர்.

ஸ்க்ரூ டிரைவர் என் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன், ஒரு பாராட்டாவது கிடைக்கும் என்று.

"மெயின எறக்கிக் காப்பாத்திட்டீங்களாக்கும்! அவர சாகடிக்கவா சொன்னேன் நானு?" என்றாள் அவள், திரும்பாமல். "டெஸ்டர் எரியுது, டெஸ்டர் எரியுதுன்னு வாய் வலிக்கச் சொன்னீங்க. உங்க பொண்ணு பொய் சொல்ல மாட்டா மாமான்னு ஒரு வார்த்த வந்துச்சா?"

வரவில்லை. மரியாதை என்று நான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம், மலையில் தீபம் தெரியும்வரை தெருவே இருட்டிக் காத்திருந்தது. நாங்கள் மூவரும் மொட்டைமாடியில் நின்றோம். மேலே நெருப்பு தெரிந்ததும் ஊர் முழுக்க அரோகரா கேட்டது. மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கீழே போய் முதல் வேலையாக ட்யூப் லைட்டைப் போட்டார். அகல்விளக்குகள் பிறகுதான்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, படியில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார், உள்ளே கேட்கிற மாதிரி: "மாப்ள, ஈரக்கையோட லைட்டத் தொடவேணாம்னு அவகிட்ட சொல்லுங்க."

சமையலறையிலிருந்து பாத்திரம் வைக்கும் சத்தத்தோடு பதில் வந்தது:

"எதுக்கு? எனக்குத்தான் ஷாக்கே அடிக்கலியே!"