தலையணை பறிக்கிற றஞ்சிதம்

"ஆர் இதை வைச்சது?" என்று கேட்டுக்கொண்டே றஞ்சிதம் தலையணையை உருவினாள். கட்டிலில் கிடந்த எடித்தின் தலையை மறு கையில் ஏந்தி, மெத்தை விளிம்புக்கு அப்பால் பின்பக்கமாகத் தாழ்த்தி வைத்தாள். கட்டில் கம்பிகளுக்கு ஊடாக எடித்தின் பின்னல் தரையை நோக்கித் தொங்கியது.

"பிள்ளைக்குப் பிடரி நோகுதாம்," என்று முனகினாள் தாய் திரேசம்மா.

"நோகட்டும். நொந்தால்தான் கழுத்து நிமிரும். தலையணையை நான் பூட்டி வைக்கிறன்."

மன்னார்த் தீவின் அந்த ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாக றஞ்சிதம் நோயாளிகளைப் பார்க்கிற அற்றண்டன். கருவாட்டு உடம்பு, மீன் ஏலம் கூறுகிற குரல். பறித்த தலையணைகளை அலுமாரியில் பூட்டி வைத்து, கால் முறிந்து வருகிறவர்களுக்குக் காலுக்குக் கீழே கொடுப்பாள். நோயாளிகளை அதட்டுகிற இந்த வீராங்கனை, ஷெல் குண்டுச் சத்தம் கேட்டால் முதல் ஆளாகப் பங்கர்க் குழிக்குள் இருப்பாள். ஒரு முறை கையில் மலச்சட்டியோடு ஓடியதை வார்டு இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. "எனக்குச் சாகப் பயம்தான். அதிலை என்ன வெக்கம்?" என்பாள்.

எடித்துக்கு வயது பத்தொன்பது, பேசாலைக் கிராமத்துப் பெட்டை. இரண்டு வருடத்துக்கு முன் ஜாம் போத்தல் விளக்கு வெடித்து மண்ணெண்ணெய் நெருப்பு கழுத்தில் பிடித்தது. புண் ஆறியது, ஆறிய தழும்பு சுருங்கி நாடியை நெஞ்சோடு ஒட்டவைத்துவிட்டது. வாய் மூடாது, எச்சில் வழியும். கோயிலில் நற்கருணை அப்பம் கொடுக்கச் சுவாமியார்தான் குனிய வேண்டியிருந்தது. எப்போதாவது வந்துபோகும் சத்திரசிகிச்சை டொக்டர் இந்த முறை அந்தத் தழும்பை வெட்டி விடுவித்து, தொடையிலிருந்து சீவிய தோலைக் கழுத்தில் பரப்பித் தைத்தார்.

"ஐந்து நாள் தலை பின்னுக்கே சாய்ஞ்சிருக்கவேணும், கழுத்து அசையக்கூடாது. தோல் வழுகினால் செத்துப்போகும். இந்தச் சண்டையிலை அடுத்த முறை பாதை திறந்திருக்குமோ, நான் வருவனோ, தெரியாது," என்றார். கட்டைத் திறந்து பார்க்காமல் போவதில்லை என்று அவரும் தங்கிவிட்டார்.

எல்லோரும் ஷெல் விழுமோ என்று பயந்தார்கள். றஞ்சிதத்துக்கு வேறு பயம். சத்தம் கேட்டால் தலையை நெஞ்சுக்குள் புதைத்துக் குனிய வேண்டும் என்று இந்தத் தீவில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். எடித்தின் உடம்புக்கும் தெரியும். டொக்டர் சொன்னதுதான் அந்த உடம்புக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் மத்தியானம், கஞ்சி வார்க்கும் நேரம் முதல் ஷெல் விழுந்தது. றஞ்சிதம் வழக்கம்போல ஓடினாள். பங்கர் வாசலில் கால் வைத்தபோதுதான், ஓடிவரும் வழியில் கண்ட ஒன்று மனதில் தைத்தது. எடித்தின் தலை எழும்பிக்கொண்டிருந்தது. "சனியன் பிடிச்ச பெட்டை!" என்று திட்டியபடி திரும்பி ஓடினாள்.

திரேசம்மா நிலத்தில் குப்புறக் கிடந்து செபம் சொல்லிக்கொண்டிருந்தாள். றஞ்சிதம் கட்டிலுக்கடியில் புகுந்து, தொங்கிய பின்னலை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடித்தாள். "தலையைத் தூக்கினியெண்டால் மயிரைப் பிடுங்கிப்போடுவன்!" ஒவ்வொரு சத்தத்துக்கும் தலை துள்ளியது, ஒவ்வொரு முறையும் பின்னல் இழுபட்டது. இடையிடையே "மாதாவே, மாதாவே" என்று கட்டிலுக்கடியில் றஞ்சிதத்தின் அழுகுரல். அரை மணித்தியாலம் அப்படியே கிடந்தாள்.

அன்று பின்னேரம் கழுத்துக் கட்டின் மேல் இரத்தம் கசிந்திருந்தது. தோல் வழுகிவிட்டதா என்று கட்டைத் திறக்காமல் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. திரேசம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. றஞ்சிதம் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை; வார்டுக்கே அது கிலியாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை டொக்டர் கட்டைப் பிடித்திருந்த தையல்களை ஒவ்வொன்றாக வெட்டினார். றஞ்சிதம் தட்டை ஏந்தி நின்றாள். உப்புத்தண்ணீரில் ஊறிய கடைசித் துணியின் ஓரத்தை அவர் இடுக்கியால் பிடித்தபோது, கடற்கரைப் பக்கம் ஒரு வெடி. தட்டு கணீரென்று விழுந்தது. றஞ்சிதத்தைக் காணவில்லை.

டொக்டரின் கை அந்தரத்தில் நின்றது. எடித்தின் தலை அசையவில்லை. பின்னல் கட்டிலுக்கடியில் விறைப்பாக இழுபட்டிருந்தது.

"என்ன டொக்டர் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "ஒட்டிட்டுதோ இல்லையோ, சொல்லுங்கோ!"

அவர் துணியை மெல்ல உரித்தார். இளஞ்சிவப்பாக, ஓரம்வரை படிந்திருந்தது தோல்.

"முழுக்க ஒட்டிட்டுது, றஞ்சிதம். வெளியிலை வாங்கோ."

அவள் வரவில்லை. டொக்டர் குனிந்து பார்த்தார். கையில் சுற்றிய பின்னலை விடாமலே, அதன் நுனியால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.