காற்றுக்கு முதுகு காட்டியவன்

சுறா எண்ணெயின் மணம் மூக்கில் ஏறினால் லேசில் இறங்காது. அது தோல் சப்பாத்தின் மணத்தோடும் கலந்தால் என்ன ஆகும் என்பது, உலக யுத்த காலத்தில் புத்தளம் கரையோரத்துப் பற்றைக் காட்டை வெட்டி வெள்ளைக்காரர் அமைத்திருந்த விமானத் திடலில், எங்கள் பகுதி மாணவர்களுக்கென்று முதன்முதலாக நடந்த விமானப் பயிற்சி முகாமில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். குற்றவாளி நான்தான். அதுவரை என் கால் சப்பாத்தைக் கண்டதில்லை. பள்ளிக்கூடம் கொடுத்த இரவல் சோடி மரக்கட்டை போலிருக்கவே, அப்பா வள்ளத்துக்குப் பூசுகிற எண்ணெயை அதற்கும் தாராளமாகப் பூசி, "இனித் தண்ணி ஏறாது" என்று உத்தரவாதம் கொடுத்தார். தண்ணீர் ஏறவில்லைதான். ஆனால் நான் அணிநடை போட்டால் எனக்குப் பின்னால் திடலின் நாய்கள் எல்லாம் அணிவகுத்தன, அதுவும் என்னைவிட ஒழுங்காக. எங்களைப் பழக்கிய வெள்ளைக்காரச் சார்ஜன் துரை தினமும் காலையில் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, என் வாடை தனக்கு வராத மூலையில் என்னை நிறுத்தி வைப்பார்.

வேறொருவன் என்றால் மூட்டையைக் கட்டியிருப்பான். எனக்கு அது முடியாது. முகாம் முடியும்போது எங்கள் பிரிவில் ஒருவனை மட்டும் இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானத்தில் ஏற்றிப் பறக்கவிடுவார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே, ஊர்க் கடற்கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த அத்தனை பேரிடமும், "மேலால வந்து கை காட்டுவன், பாத்துக்கொண்டு நில்லுங்கோ" என்று அறிவித்துவிட்டேன். அம்மா அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்துவிட்டாள். அப்பா மட்டும், "மேல போய் என்னத்தப் பிடிக்கப் போறாய்? அங்க மீனும் இல்ல" என்றார். பறக்காமல் அந்தக் கரையில் கால் வைப்பதைவிட உப்பளத்தில் உப்பாகக் காய்ந்துவிடலாம் என்று எனக்குப் பட்டது.

விடியுமுன் ஊதுகுழல், காலைச் சாப்பாட்டுக்குக் கல்லுப் போன்ற பாண், சதுரமாய் மடிக்கவேண்டிய போர்வை எல்லாவற்றையும் பல்லைக் கடித்துத் தாண்டினேன். கடைசியில், பறக்கப்போகிறவனைத் தெரிவுசெய்யும் கேள்வி நேரம் வந்தது. துரையின் இங்கிலீசைத் தமிழாக்கிய எங்கள் பள்ளிக்கூட மாஸ்டர், காற்றின் திசை பார்க்கக் கம்பத்தில் கட்டி, ஊதிக் கிடந்த காற்றுப் பையைக் காட்டி, "விமானம் எந்தப் பக்கம் பாத்து எழும்ப வேணும்?" என்று கேட்டார்.

பாய் கட்டி ஓடுகிற வள்ளத்தில் வளர்ந்தவனுக்கு இதுவும் ஒரு கேள்வியா! "காத்து முதுகுல இருக்கவேணும் சேர்" என்றேன். பக்கத்தில் நின்ற புத்தளத்துத் தோழன் ஹனீபா, "அல்லாவே, வாயப் பொத்துடா சூசை" என்று முழங்கையால் இடித்தான். நான் பொத்தவில்லை. "எதிர்க்காத்துல எந்த மடையன் சேர் பாய் விரிப்பான்?" என்றும் கேட்டுவைத்தேன். மாஸ்டர் அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.

துரை கோபிக்கவில்லை. தரையில் விரிக்கும் "படங்கு" ஒன்றை எடுத்து, இரு முனைகளை என் தோளில் கட்டி, விடை தெரியும்வரை திடலில் ஓடச் சொன்னார். காற்றை முதுகில் வாங்கி ஓடினேன். படங்கு புரண்டு வந்து தலையை மூடியது. கண் தெரியாமல் எருக்கலம் பற்றைக்குள் போய் விழுந்தேன். எழும்பித் திரும்பிக் கடலிலிருந்து வீசிய கச்சான் காற்றுக்கு முகம் கொடுத்து ஓடினேன். படங்கு பின்னால் விரிந்து உப்பி, அந்தக் கனத்த சப்பாத்தோடு என் குதிகாலைத் தரையிலிருந்து கிளப்பியது. விடை அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் என் பரம்பரையே பிழைவிட்டிருக்குமோ என்ற சந்தேகம் தீராமல், இன்னொரு முறை, பிறகு இன்னொரு முறை என்று ஓடினேன். துரை விசில் ஊதியும் நிற்கவில்லை. கடைசியில் மூச்சு வாங்க வந்து, "முகத்துல சேர், காத்து முகத்துல" என்றேன்.

துரை ஏதோ சொல்லிச் சிரித்தார். மாஸ்டர், "இவனக் கீழ விட்டால் சாகும்வரைக்கும் ஓடுவான், மேல ஏத்துங்கோ எண்டு சொல்றார்" என்றார்.

அப்படித்தான் பறந்தேன். ஆனால் ஊர்ப்பக்கம் அல்ல. விமானி கடலுக்குப் போகாமல், உள்ளே கிடந்த உப்புநீர்க் களப்புப் பக்கமே சுற்றினார். "கடல், கடல்!" என்று நான் கத்தியது இயந்திர இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. உப்பளத்தில் நின்ற யாரோ சிலருக்குக் கை காட்டிவிட்டு இறங்கினேன்.

தலையைக் குனிந்துகொண்டு ஊர் போனால், கடற்கரை முழுவதும் "உன்னக் கண்டம், கண்டம்!" என்று ஓடி வருகிறது. அன்று எந்த விமானம் அந்த வழியால் போனதோ! நான் களப்புக்கு மேலேதான் போனேன் என்று தலையிலடித்துச் சொன்னேன். அப்பா விடவில்லை. "வலது கையத்தானே ஆட்டினாய்? உனக்கென்னடா தெரியும், நீ மேல இருந்தனி. கீழ நிண்ட எங்களுக்குத்தான் தெரியும்."

இப்போது அந்தத் திடலைப் பற்றை மறுபடி மூடிவிட்டது. இறங்குபாதை கிடந்த இடத்தில் ஆடு மேய்கிறது. களப்புக்கு மேல் பறந்தேன் என்று இன்று நான் சொன்னால், பேரப்பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் நம்பிவிடுகிறார்கள். அன்று நான் எங்கள் கடற்கரைக்கு மேலேதான் பறந்தேன் என்று என்னோடு சண்டை பிடிக்க, அதைக் கண்ணால் கண்டவர் ஒருவர்கூட மிச்சமில்லை.