இந்தக் கம்ப்யூட்டர்ல வராது

லினக்ஸு தெனப்படி வேலைக்கு ஆவுமான்னு யாராச்சும் கேட்டா எனக்குச் சுர்ருனு ஏறும். ஆவும், ஆவாது, ரெண்டும் சொல்லுவேன். திருவொற்றியூர் ஹைரோட்டை ஒட்டின சந்துல பேனர் டிசைன் கடை வச்சினு கீறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி, சாவு, எல்லாம் எங்கிட்ட வரும். திருட்டு விண்டோஸ்லதான் வருசக்கணக்கா ஓட்டினேன். ஒரு நாள் வைரஸ் பூந்து மொத்தமும் படுத்துச்சு. புளியந்தோப்பு தோஸ்து ஒருத்தன், "மாமு, விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டுக்கோ, வைரஸ் தொல்லையே இருக்காது"ன்னு போட்டுக் குடுத்தான்.

அவனுக்கு இன்னா, போட்டுட்டுப் பூட்டான். பேஜாரு எனக்குத்தான். நெட்டு ஓடுது, பாட்டு ஓடுது, புதுசா தமிழ் அடிச்சா செல்போன்ல வர்ற மாதிரியே அழகா வருது. ஆனா நான் பென்டிரைவ்ல சேத்து வச்ச பழைய டிசைனைத் திறந்தா, தமிழ் இருக்க வேண்டிய எடத்துல இங்கிலீஷ் எழுத்தும் கொக்கியும் புள்ளியுமா நிக்கும். பழைய தமிழ் எழுத்து ஃபான்ட்டு எல்லாம் வைரஸோட போச்சு, அதுக்கு லினக்ஸு இன்னா பண்ணும்? இதை வர்ற கஸ்டமர்கிட்ட உக்காந்து பாடம் நடத்த முடியுமா? "உன் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் வராதுபா"ன்னு எழுந்து போயிடுவாங்க. ஏரியா பூரா அதே பேச்சு.

அன்னிக்குக் காலையில அண்ணன் தம்பி ரெண்டு பேர் வந்தாங்க. அவங்களுக்கு மூத்தவரு, கன்டெய்னர் லாரி டிரைவரு, முந்தின நாள் நெஞ்சு வலியில பூட்டாரு. கண்ணீர் அஞ்சலி பேனர் வேணும், புறா, அழற கண்ணு, குத்துவிளக்கு எல்லாம் வச்சு. பழைய ஃபைலைத் திறந்தேன். கொக்கியும் புள்ளியும் வந்து நின்னுச்சு. ரெண்டு பேர்ல பெரியவன் ஸ்க்ரீனைப் பாத்துட்டு, "இன்னாடா இது, கலீஜா கீது"ன்னான். புதுசா அடிச்சுத் தரேன்னு சொன்னதை அவன் காதுல வாங்கல. வேற கடைக்குப் பூட்டாங்க.

மதியத்துக்கு மேல ஒரு அம்மா வந்தாங்க. சாப்பிட்டு ஒரு நாள் ஆன மூஞ்சி.

"தம்பி, செத்துப்போன லாரி டிரைவரோட சம்சாரம் நான்."

மொத சம்சாரம் தவறின பின்னாடி அந்த டிரைவர் இவங்களுக்குக் கோயில்ல தாலி கட்டி, எர்ணாவூர்ல பத்து வருசத்துக்கு மேல குடித்தனம் பண்ணியிருக்காரு. தம்பிங்க ஒத்துக்கல. ஆஸ்பத்திரியிலேருந்தே பாடியை அவங்க வூட்டுக்குத் தூக்கினு பூட்டாங்க. இவங்களை வாசப்படி மிதிக்க வுடல. செத்தவரு மூஞ்சியைக்கூடக் காட்டலயாம்.

"சாயந்தரம் எடுத்துடுவாங்க தம்பி. அவரு போற வழியில, முச்சந்தியில ஒரு பேனர் கட்டணும். என் பேரைப் போட்டு, மனைவின்னு போடணும். வேற ஒண்ணும் வேணாம். ரெண்டு கடையில வம்பு வேணாம்மான்னு அனுப்பிட்டாங்க."

எனக்கும் பயந்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்தத் தம்பிங்க கை நீட்டுறவனுங்க. ஆனா அந்தம்மா செல்லை எடுத்துக் காட்டினாங்க. லாரி கேபின்ல அவரு சிரிச்சினு உக்காந்திருக்காரு, பக்கத்துல இவங்க டிபன் கேரியரோட. சரி, ஆனது ஆவட்டும்னு உக்காந்தேன்.

சாவு பேனர்ல செத்தவர் கூட உசுரோட இருக்கறவங்களை ஒரே போட்டோவுல வைக்க மாட்டோம், ஆவாதும்பாங்க. அந்தம்மாவை வெட்டப் போனேன்.

"வெட்டாத தம்பி. எனக்கு இனிமே ஆவறதுக்கு இன்னா கீது?"

புறாவும் இல்ல, விளக்கும் இல்ல. கறுப்பு, நடுவுல போட்டோ, கீழ வெள்ளை எழுத்துல அவங்க பேரு, மனைவி. பெரிய ஃபைலு, சேவ் ஆவறதுக்கு நத்தையா ஊர்ந்துச்சு. அப்பத்தான் வாசல்ல பைக் நின்னுச்சு. காலையில வந்த அதே பெரியவன்.

"இவ இங்க வந்தான்னு சொன்னாங்க. இவளுக்கு இன்னாடா பண்ற?"

காலையில திறந்த பழைய ஃபைலு இன்னும் மூடாம கிடந்துச்சு. என் கை தானா அதை முன்னாடி இழுத்து வுட்டுச்சு. ஸ்க்ரீன் பூரா கொக்கியும் புள்ளியும்.

"பண்றதுக்கு இன்னா கீதுணா? நீதான் காலையிலயே பாத்தியே. இந்தக் கம்ப்யூட்டர்ல வராது. லினக்ஸுணா, தமிழே புடிக்க மாட்டேங்குது."

குனிஞ்சு பாத்தான். பின்னாடி அந்தம்மாவோட ஃபைலு சேவ் ஆயினே இருக்கு. முடிஞ்சா தானா முன்னாடி வந்து நின்னுடுமோன்னு ஸ்க்ரீனையே பாத்தினு இருந்தேன். ரோட்டுல ஒரு டிரெய்லர் லாரி போச்சு, டேபிள் ஆடுச்சு, மவுஸைத் தொடவே பயமா இருந்துச்சு.

"காயலாங்கடைக்குப் போட்றா இதை"ன்னு சிரிச்சான். அந்தம்மா பக்கம் திரும்பி, "கெளம்பு, உன் மூஞ்சி இந்தத் தெருவுல தெரியக் கூடாது"ன்னுட்டுப் போனான். ஏரியா பூரா நான் வாங்கின கெட்ட பேரு அன்னிக்குத்தான் ஒதவுச்சு.

ஆனா நான் சொன்னதை அந்தம்மாவும் நம்பிட்டாங்க.

"வராதுன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி"ன்னு எழுந்தாங்க. பைக் சத்தம் தூரம் போவட்டும்னு கையைக் காட்டி அவங்களை உக்கார வச்சேன். அப்புறம் அந்தக் கண்றாவியை மூடிட்டு அவங்க பேனரைக் காட்டினேன். மடமடன்னு தண்டையார்பேட்டை ப்ரெஸ்ஸுக்கு அனுப்பினேன், நானே பைக்குல போய் சுருட்டி எடுத்துனு வந்தேன். நாங்க முச்சந்தியில கட்டி முடிக்கவும் தெருக்கோடியில சாவு ஊர்வலத்துப் பட்டாசு வெடிக்கவும் சரியா இருந்துச்சு.

மேளம், பூ ஜோடிச்ச வண்டி, முன்னாடி தம்பிங்க. பேனரைப் பாத்ததும் பெரியவன் நேரா என்னைப் பாத்தான். தொலைஞ்சேன்னு நெனச்சேன். "நிக்காத, போ போ"ன்னு வண்டியைத் தட்டினான். வண்டி ஓட்டுறவன் இந்த ஏரியாக்காரன் இல்ல, யார் சண்டையும் அவனுக்குத் தெரியாது. பேனரை அண்ணாந்து பாத்தான், கீழ நின்ன அந்தம்மாவைப் பாத்தான், பிரேக் போட்டான்.

"யோவ், தள்ளுய்யா! பொண்டாட்டி நிக்குது. மூஞ்சி பாக்காம எப்பிடிய்யா எடுத்துனு போறது?"

மேளம் நின்னுச்சு. தெருவே வேடிக்கை பாக்குது, தம்பிங்க வழி வுட்டு ஒதுங்கினாங்க. அந்தம்மா வண்டியில ஏறி அவரு கன்னத்துல கை வச்சாங்க. எங்கிட்ட வந்ததுலேருந்து ஒரு சொட்டுக்கூட வுடாதவங்க, தெருக்கோடி வரைக்கும் கேக்கற மாதிரி அழுதாங்க.