கொதித்தால் எப்படிக் குளிரும்?

என் பழைய காருக்கு முந்தின நாள்தான் ஏசி கேஸ் ஏற்றியிருந்தேன். வளைகாப்பு முடிந்த மனைவியை, சித்திரை வெயிலில், உசிலம்பட்டியிலிருந்து வில்லாபுரத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். போன முறை ஆறாம் மாதத்தில் பிள்ளை தங்காமல் போனது. அதனால் இப்போது அவள் தும்மினால்கூட வீடே பதறியது. பின்சீட்டில் அவளோடு என் அம்மா. கோயிலில் வாங்கி வந்த தண்டியான பூமாலையை இண்டு இடுக்கு தெரியாமல் கார் முகப்பில் அம்மாவே கட்டியிருந்தாள்.

செக்கானூரணி தாண்டுவதற்குள் ஏசியிலிருந்து அனல் வந்தது. கண்ணாடியை இறக்கினால் அதைவிட அனல். ஏசி மெக்கானிக்கை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி ஸ்பீக்கரில் போன் போட்டேன்.

"நேத்து ஏத்துன கேஸ் அதுக்குள்ள தீந்துருச்சா?"

"பெட்ரோலாண்ணே தீர்றதுக்கு? அது சுத்திச் சுத்தி வரும். உள்ள இருக்கிற சூட்ட வாங்கிக் கொதிச்சு ஆவியாகும்..."

"கொதிச்சா எப்பிடிப்பா குளிரும்?"

"சூடு அதுகூடப் போயிருதுல்ல? கம்ப்ரஸர் அத அமுக்கி முன்னாடி கண்டென்சருக்குத் தள்ளும். அங்க காத்துப் பட்டாத்தான் சூட்ட எறக்கிட்டு மறுபடி தண்ணியாட்டம் ஆகும். முன்னாடி ஏதும் மறைச்சிருக்காண்ணே?"

எனக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியும் சரியா என்று தெரியவில்லை. உள்ளே குளிர்வதற்கு வெளியே வெயில் காற்று எதற்கு? இருந்தாலும் போய் மாலையில் கை வைத்தேன். அம்மா கதவைத் திறந்து கத்தினாள்.

"சாமி மாலைய நடுரோட்டுல அவுக்கிறதா? நெறமாசக்காரிய வச்சுக்கிட்டு! புத்தி கெட்டுப் போச்சாடா?"

கை அப்படியே நின்றுவிட்டது. அவிழ்த்து ஏதாவது ஆகிவிட்டால்? அவிழ்க்காமல் ஏதாவது ஆகிவிட்டால்? எனக்குப் பயமாக இருந்தது.

மனைவி சன்னமாகச் சொன்னாள்: "அத்த, ரொம்ப நேரமா உள்ள அசைவே இல்ல."

அம்மா இறங்கி வந்தாள். முடிச்சு அவிழவில்லை. குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மாலையை வேப்பங்கிளையில் போட்டுவிட்டு, "நேரா ஆஸ்பத்திரிக்கு விடு" என்றாள்.

கார் வேகம் பிடித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகச் சில்லென்று காற்று வந்தது. எது எங்கே கொதித்தது, சூடு எந்த வழியாகப் போனது, ஒன்றும் விளங்கவில்லை. அம்மா அவள் வயிற்றில் கை வைத்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நாகமலை அருகே முணுமுணுப்பு நின்றது.

"ஒதைக்கிதுடா," என்றவள் குலுங்கி அழுதாள்.

கண்ணீர் என் கண்ணை மறைத்தது. காரை ஓரங்கட்டினேன். இன்ஜினை மட்டும் நிறுத்தவில்லை.